கோயில் வாசலிலிருந்து பின்னோக்கி

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது இருக்கும் பிரின்சி, கைப்பேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"மேடம், தூத்துக்குடியிலேருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்னு தட்டினா மூச்சு விடுறதுக்குள்ள சொல்லிருது. நீங்க இதுக்கா இத்தனை வருஷம் உக்காந்திருந்தீங்க?"

கேலிதான். ஆனால் கேள்வி நியாயமானது. எங்கள் விமான நிலையமான வாகைக்குளத்தில் ஓடுபாதையை நீட்டிவிட்டார்கள்; புதிய முனையம் கண்ணாடியும் வெளிச்சமுமாக நிற்கிறது. இனி என்னென்ன ஊர்களுக்கு இங்கிருந்தே பறக்கலாம் என்பதுதான் கடைத்தெருவில் பேச்சு. இந்த வேளையில், விமானப் பயணச்சீட்டு போட்டே வயதைக் கழித்த ஒருத்தி தன் வேலையைப் பற்றி எழுதட்டும் என்று கடலோடிகள் சங்கத்து ஆண்டுமலர்க்காரர்களும் கேட்டார்கள். இரண்டுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகம் கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் அலுவலகம். கப்பல் உலகத்தின் எந்த மூலையில் நின்றாலும் ஆளை அங்கே கொண்டுபோய் ஏற்ற வேண்டும். ஒப்பந்தம் முடிந்தவரை அங்கிருந்து இறக்கி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். என் பங்கு பயணம். எங்கள் குடும்பம் உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி வியாபாரக் குடும்பம். கடலோடு எங்களுக்கு இருந்த உறவு மீன் வாங்குவதோடு சரி. கல்லூரியில் புவியியல் படித்திருந்தேன் என்ற ஒரே காரணத்துக்காக எங்கள் மேலாளர் மச்சாது சார் என்னைச் சேர்த்துக்கொண்டார். முதல் சில ஆண்டுகள் டெலக்ஸ் அடிப்பதிலும், அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டுவதிலும், ஏஜெண்டுகளின் கொச்சை ஆங்கிலத்தை விளங்கிக்கொள்வதிலும் போயின. அவற்றில் சொல்லும்படியாக ஒன்றுமில்லை.

மச்சாது சார் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். கரைக்கு வந்தபின்னும் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசினால் யாரோ கட்டணம் கேட்பார்கள் என்பதுபோலப் பேசுவார். அவர் மேசையில் ஒரு பெரிய பூகோள உருண்டை இருந்தது. வலை பின்னும் நைலான் நூல் ஒன்றை அதன் காம்பில் சுற்றி வைத்திருப்பார். இரண்டு ஊர்களுக்கு நடுவே தூரம் வேண்டுமென்றால் நூலை இழுத்துப் பிடித்து, அதே நீளத்தை நிலநடுக்கோட்டின் மேல் வைத்துப் பார்த்துச் சொல்வார். கணினி வந்தபின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. "கம்ப்யூட்டர் சரியாத்தான் சொல்லும். ஆனா வழிய காட்டாது" என்பார். நூலை இழுத்துப் பிடித்தால்தான் அமெரிக்காவிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் விமானம் வடக்கே அலாஸ்கா ஓரம்வரை வளைந்து போவது தெரியும். தட்டையான படத்தில் அது சுற்றுவழியாகத் தோன்றும். உருண்டையில் அதுதான் நேர்வழி.

அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. வீட்டாரிடம் விமானத்தின் நேரத்தைச் சொல்லக்கூடாது. ஆள் வந்து இறங்கிக் கதவைத் தாண்டிய பிறகுதான் 'வந்துவிட்டான்' என்ற சொல்லே வாயில் வரலாம். நேரத்தைச் சொன்னால் வேன் பிடித்துக்கொண்டு விமான நிலையத்துக்குக் கூட்டமாகப் போவார்கள். விமானம் தாமதமானால் அலுவலகத்துக்குக் கூட்டமாக வருவார்கள். இரண்டையும் அவர் நிறையப் பார்த்திருந்தார்.

நான் எனக்கென்று பழகிக்கொண்ட முறை வேறு. பயணத்தைப் புறப்படும் இடத்திலிருந்து நான் எண்ணுவதே இல்லை. முடியும் இடத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவேன். ஒருவர் எந்த வாசலில், எந்த மணிக்கு நிற்க வேண்டும்? அதற்கு முன் எவ்வளவு சாலை? அதற்கு முன் பெட்டி வர எவ்வளவு நேரம்? குடியேற்ற வரிசை எவ்வளவு? இவ்வளவும் போனபிறகுதான் விமானம். அட்டவணையில் இருக்கும் பறக்கும் நேரம், சக்கரத்துக்கு முன்னிருக்கும் கட்டையை எடுத்ததிலிருந்து அடுத்த ஊரில் கட்டையைத் திரும்ப வைக்கும் வரை உள்ள நேரம். கட்டைக்கு வெளியே இருப்பதெல்லாம் அட்டவணைக்காரருக்குச் சம்பந்தமில்லாதது. எனக்கோ அதுதான் வேலை.

தூரம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குத் தூத்துக்குடிக்காரருக்கு வேறு சான்று வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பு. வாகைக்குளத்திலிருந்து வானத்தில் நூல் பிடித்தால் சென்னைக்கு இருக்கும் தூரத்தில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் கொழும்பிலிருந்து ஒருவர் விமானத்திலேயே தூத்துக்குடிக்கு வரவேண்டுமென்றால், எங்களைத் தாண்டி வடக்கே சென்னைக்குப் போய், அங்கே இறங்கி, வேறு விமானம் ஏறித் தெற்கே திரும்பி வரவேண்டும். கொழும்பை இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி ரீகனின் கல்யாணம்.

ரீகன் வேம்பார்ப் பையன். சரக்குக் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். பெண் ஜெசிந்தா, புன்னைக்காயல். தூத்துக்குடி ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். முந்தைய ஆண்டே நடக்க வேண்டிய கல்யாணம். மாற்று ஆள் வரவில்லை என்று கப்பல் அவனை விடவில்லை. அடுத்த ஆண்டு மாசியில் நாள் குறித்தார்கள். ஜெசிந்தாவுக்குக் குவைத்தில் வேலை கிடைத்திருந்தது. ஈஸ்டருக்கு முன்னால் அவள் புறப்பட்டாக வேண்டும். திருநீற்றுப் புதனோடு தவக்காலம் தொடங்கிவிடும். அதன்பின் ஈஸ்டர் வரை கரையோரத்துக் கோயில்களில் கல்யாணம் கிடையாது. எங்கள் அலுவலக நாட்காட்டியில் மச்சாது சார் ஒவ்வோர் ஆண்டும் சிவப்பு மையில் வட்டம் போடும் ஒரே நாள் அந்தப் புதன்தான். அதற்குமுன் இறங்க வேண்டும் என்று கேட்கும் மாப்பிள்ளைகள் ஆண்டுதோறும் இருப்பார்கள்.

தேதி குறித்த அன்றே ஜெசிந்தா வீட்டில் சொல்லியிருந்தாள்: "இந்தத் தடவையும் கப்பல் விடலைன்னா எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்." கோபத்தில் சொன்னதல்ல. அதனால்தான் வீட்டில் எல்லோரும் பயந்தார்கள்.

கப்பல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துத் துறைமுகத்தில் வெள்ளிக்கிழமை கரை அணைய வேண்டியது, இடம் கிடைக்காமல் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. அன்றிரவே விமானம். ரீகன் மூலமாகவே செய்தி புன்னைக்காயலுக்கும் போயிற்று. சனிக்கிழமை காலையிலேயே ஜெசிந்தாவின் அப்பா சவரியார் அண்ணாச்சி அலுவலகத்துக்கு வந்துவிட்டார். அவர் கப்பலில் போசனாக இருந்து ஓய்வு பெற்றவர். மேல்தளத்து ஆட்களை மேய்த்த குரல் இன்னும் இறங்கவில்லை.

"கல்யாணம் திங்கக்கெழம பதினோரு மணி. மாத்த வேண்டாம். நான் கணக்குப் போட்டுட்டேன்" என்றார்.

"எப்படிப் போட்டீங்க அண்ணாச்சி?"

"சனிக்கிழம ராத்திரி பத்தரைக்கு ஏறுதான். ஜப்பானுக்குப் பன்னெண்டு மணி நேரம். சிங்கப்பூருக்கு ஏழு. மெட்ராசுக்கு நாலு. நடுவுல உக்காருறதுக்கு ஒரு ஏழு. மொத்தம் முப்பது. திங்கக்கெழம விடியக்காலம் நாலரைக்கு மெட்ராஸ்ல நிப்பான். மொத பிளேன்ல இங்கன வந்திருவான். வேற என்ன?"

கூட்டல் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு தூரத்துக்கும் அவர் சொன்ன நேரம், எதிர்க்காற்று உட்பட, என் அட்டவணையோடு பொருந்தியது.

"அண்ணாச்சி, அந்த நாலரை லாஸ் ஏஞ்சல்ஸ் கடிகாரத்துல. அப்போ நம்ம ஊர்ல திங்கக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. தூத்துக்குடிக்குக் கடைசி பிளேனும் போயிருக்கும்."

அவர் பூகோள உருண்டையைத் திரும்பிப் பார்த்தார். பசிபிக் கடலை அவர் கடந்த தடவைகள் இந்த ஊரில் யாரும் கடந்திருக்க மாட்டார்கள். நாள்கோட்டைத் தாண்டுவது அவருக்குத் தெரு தாண்டுவதைப் போல. அதனால்தான் அந்தத் தவறு வந்தது. கப்பலில் கேப்டன் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுவார்: இன்றிரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளவும். அடுத்து ஒருநாள் எழுதுவார்: நாளை புதன்கிழமை இல்லை, வியாழன். தூங்கி எழுந்தால் காலம் தானாகச் சரியாகியிருக்கும். நேரத்தைக் கணக்கிடுவது இன்னொருவர் வேலை. ஒரு விமானத்தில் அவ்வளவும் மொத்தமாகத் தலையில் இறங்கும் என்பதை அவர் கை எண்ணிப் பழகவில்லை.

"கப்பல்ல போர்டுல போடுவாங்க" என்றார் மெதுவாக.

"பிளேன்ல போட மாட்டாங்க" என்றார் மச்சாது சார், தலை நிமிராமல்.

"அப்பச் செவ்வாக்கெழமதான் மிச்சம். செவ்வாயாக் கெடக்கே சார். சொந்தக்காரன் என்ன சொல்லுவான்?"

"அடுத்தது புதன். சாமியார் என்ன சொல்லுவாருன்னு யோசியும்."

போசன் எழுந்துபோய்ப் பங்குச் சாமியாரைப் பார்த்தார். கல்யாணப் பூசை செவ்வாய் காலைக்கு மாறியது. அழைப்பிதழில் இருந்ததை ஊரெல்லாம் வாய்வழியாகத் திருத்தினார்கள்.

ஞாயிறு மதியம் அடுத்த செய்தி வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் விமானத்தில் ஏதோ பழுது, புறப்பட விடியலாகும். அப்படியானால் சிங்கப்பூருக்குத் திங்கள் இரவுதான் வருவான். பிடிக்க வேண்டிய சென்னை விமானம் போய்விட்டிருக்கும். இரவு விமானத்தில் இடமில்லை.

மும்பைத் தலைமை அலுவலகம் உடனே ஒரு வழி சொன்னது. செவ்வாய் காலை சிங்கப்பூரிலிருந்து சென்னை. அங்கிருந்து மதிய விமானத்தில் தூத்துக்குடி. ஒப்பந்தத்தில் அவனுடைய வீட்டு விமான நிலையம் தூத்துக்குடி என்றிருக்கிறது. பறக்கும் நேரமும் இதுதான் குறைவு. காகிதத்தில் மறுக்க ஒன்றுமில்லை.

நான் புன்னைக்காயல் கோயில் வாசலிலிருந்து எண்ணத் தொடங்கினேன். மாலை நான்கு மணிக்குப் பூசை என்று வைத்தால், அதற்கு மேல் சாமியாரும் தள்ள முடியாது. வாகைக்குளத்திலிருந்து அங்கே ஒரு மணி நேரம். அதுவரை சரி. சென்னையில்தான் இடித்தது. சிங்கப்பூர் விமானம் நேரத்துக்கு வரவேண்டும். குடியேற்ற வரிசை நகரவேண்டும். கடலோடிக்குரிய கனத்த பெட்டிகள் முதலில் வரவேண்டும். அவற்றைத் தள்ளிக்கொண்டு உள்நாட்டு முனையத்துக்குப் போய், கவுன்டரை மூடுமுன் நிற்கவேண்டும். இதில் எது தவறினாலும் பிடிக்க வேண்டியது ஒரு சின்ன விமானம். அதற்குப் பிறகு வருவது கோயிலுக்கு உதவாது.

இன்னொரு வழி இருந்தது. திங்கள் இரவே சிங்கப்பூரிலிருந்து கொழும்பு; செவ்வாய் காலை கொழும்பிலிருந்து மதுரை. ஒரே விமான நிறுவனம். பெட்டி மதுரை வரை தானாக வரும். மதுரை சின்ன நிலையம்; குடியேற்றம் அங்கே மட்டும்தான். பிறகு முழுக்கத் தார்ச்சாலை. சாலையில் தாமதமானால் டிரைவரோடு பேசலாம். வானத்தில் தாமதமானால் யாரோடும் பேச முடியாது. தூரம் கூடுதல், நேரம் கூடுதல், நடுவே அயல்நாடு வேறு. ஆனால் சரியாக நடக்க வேண்டியவை பாதிக்கும் குறைவு.

"கொழும்பு சுத்தி ஏன்னு கேப்பாங்க, வடிவு" என்றார் மச்சாது சார்.

"கேக்கட்டும் சார். பதில் இருக்கு."

அவர் நூலை எடுத்துக் கொழும்பிலும் மதுரையிலும் பிடித்துப் பார்த்தார். "வேம்பாருக்குக் கெழக்க போகுது" என்று மட்டும் சொன்னார். பிறகு மும்பைக்கு எழுதினார்: வீட்டு விமான நிலையம் இந்த ஒருமுறை மதுரை. காரணம் திருமணம். உறுதி செய்க. வேறொரு சொல் இல்லை. மும்பையிலிருந்து ஒரு கேள்விக்குறி வந்தது, நான் தொலைபேசியில் பதில் சொன்னேன், உறுதி வந்தது. சிங்கப்பூரில் எங்கள் ஏஜெண்டின் ஆள் விமான வாசலிலேயே நின்று புதுச் சீட்டை ரீகன் கையில் கொடுக்க ஏற்பாடாயிற்று.

அன்று மாலை ஜெசிந்தா கூப்பிட்டாள். அதுவரை அவள் என்னோடு பேசியதில்லை.

"அக்கா, அப்பா ஒண்ணு சொல்லுதாங்க, அவங்க வீட்டுல ஒண்ணு சொல்லுதாங்க. எனக்கு ஒரு வார்த்தை போதும். வருவாரா, மாட்டாரா?"

மச்சாது சார் எதிரே உட்கார்ந்திருந்தார். அவருடைய கண்டிப்பு எனக்குத் தெரியும். அது பெரும்பாலான நாட்களுக்குச் சரியானது என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பெண் கேட்டது விமான நேரத்தை அல்ல. தன் வாழ்க்கையை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு 'பார்க்கலாம்' என்று சொல்வது மறுப்பதற்குச் சமம்.

"நாலு மணிக்குப் பூசை வைக்கச் சொல்லு. மதுரை வழியா வாரார். நீ சேலையக் கட்டு."

"சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.

மச்சாது சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லிட்ட" என்றார்.

"சொல்லிட்டேன் சார்."

செவ்வாய்க்கிழமை கொழும்பு விமானம் ஒரு மணி நேரம் தாமதம். அதற்கும் என் கணக்கில் இடம் விட்டிருந்தேன். பன்னிரண்டு மணி வாக்கில் ரீகனின் அண்ணன் மதுரையிலிருந்து கூப்பிட்டார். தம்பி வெளியே வந்துவிட்டான், பெட்டியும் வந்துவிட்டது, வண்டி கிளம்பிவிட்டது. அவரே புன்னைக்காயலுக்கும் சொல்லிவிட்டார். நான் ஆறிப்போன சாப்பாட்டைத் திறந்தேன்.

மூன்று மணி கழிந்து கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. சவரியார் அண்ணாச்சி. பின்னால் விமான நிலையத்து அறிவிப்புச் சத்தம்.

"ஏளா, பிளேன் டயத்துக்கு வந்துட்டு. எல்லாரும் வெளிய வந்தாச்சு. பையனக் காணும்."

"அண்ணாச்சி, நீங்க எங்க நிக்கீங்க?"

"ஏர்போர்ட்லதான்."

"எந்த ஏர்போர்ட்?"

"நம்ம ஏர்போர்ட்டுதான். வாகைக்குளம். வேன், மாலை எல்லாம் கொண்டாந்திருக்கேன்."

எனக்கு விளங்கச் சில நொடிகள் ஆயின. மதுரை வழி என்று நான் சொன்னது மகளைத் தேற்றச் சொன்ன பேச்சு என்று அவர் முடிவு செய்திருக்கிறார். ஒப்பந்தத்தில் தூத்துக்குடி என்று இருந்தால் ஆள் தூத்துக்குடியில்தான் இறங்குவான். கம்பெனி காகிதம் அப்படித்தான் நடக்கும். அவர் அனுபவத்தில் ஒருமுறையும் மாறியதில்லை. சனிக்கிழமை கணக்கில் தவறிய வெட்கத்தில் இதையும் யாரிடமும் சொல்லவில்லை. பூ வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மதுரைச் செய்தி வருவதற்கு முன்பே வேனில் கிளம்பிவிட்டார். பூவோடு திரும்பி வரப்போகிறவரை யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

"அண்ணாச்சி, மாப்பிள்ளை மதுரையில இறங்கி எப்பவோ கிளம்பியாச்சு. இந்நேரம் உங்க ஊருப் பக்கம், ஆத்தூரத் தாண்டியிருப்பார். நீங்க வண்டியத் திருப்புங்க."

"மெய்யாவா சொல்லுத?"

"மெய்யாத்தான். ஒரு மணி நேரம் ஆகும். உடனே கிளம்புங்க."

வைத்ததும் மறுபடி அடித்தது. இந்த முறை ஜெசிந்தா. பின்னால் கோயில் மணி.

"அக்கா, அவரு வந்துட்டாரு" என்றாள். "அப்பாவத்தான் காணும்."

அவர் வாகைக்குளத்தில் நிற்பதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். கப்பலுக்காகக் காத்திருந்த ஓராண்டும் அந்தச் சிரிப்பில் கரைந்துபோனதாக எனக்குப் பட்டது. தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ சொல்வது கேட்டது: "சாமியார்ட்ட அர மணி நேரம் கேளுங்க. வார ஆளு வேற."

மச்சாது சாரிடம் விவரம் சொன்னேன். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை, அன்றும் போடவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. "அவருக்கும் ஒரு டிக்கெட் போட்டிருக்கணும்" என்றார்.

பூசை நாலரைக்குத் தொடங்கியது. பெண்ணின் அப்பா கையில் மாலையோடு, வேனிலிருந்து நேராகப் பீடத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

பிரின்சியின் கேள்விக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்று சென்னையிலிருந்து வந்த விமானம் நேரத்துக்குத்தான் இறங்கியது. மும்பை சொன்ன வழியில் விட்டிருந்தாலும் ரீகன் ஒருவேளை வந்திருப்பான். அதனால் என் முடிவு தவறாகிவிடாது. ஒரு வழி பலிக்கலாம் என்பதும், அதை நம்பி ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுக்கலாம் என்பதும் வேறு வேறு. கைப்பேசி முதலாவதைச் சொல்லும். இரண்டாவதற்கு யாராவது ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும்.

மறுநாள் திருநீற்றுப் புதன். காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு சவரியார் அண்ணாச்சி அலுவலகத்துக்கு வந்தார். கையில் கல்யாண வீட்டு மக்ரூன் டப்பா. "பையன் சொல்லுதான், பிளேன்லேருந்து இடப்பக்கம் பாத்தா வேம்பார் தெரிஞ்சுதாம். உப்பளம் வெள்ளை வெள்ளையாத் தெரிஞ்சுதாம். வீட்டத் தாண்டிப் போயிட்டுத் திரும்பி ரோட்டுல வந்தேங்கான்."

பிறகு மச்சாது சாரின் மேசைக்குப் போய்ப் பூகோள உருண்டையின் காம்பிலிருந்து நூலை அவரே அவிழ்த்தார். நேற்று தான் தாமதமாக வந்த தூரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமாம். ஒரு விரலால் வாகைக்குளத்தை அழுத்திக்கொண்டு, மறு விரலால் புன்னைக்காயலைத் தேடினார். உருண்டையைக் கண்ணருகே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார். இரண்டு ஊரும் அந்த ஒரே விரலுக்கு அடியிலேயே இருந்தன.